தேநீர் அறையை நான் சோதிக்கவில்லை

1. ஆறு பேர்

இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருந்தேன். கொவிட் வார்டில் வேலை செய்த ஐந்து பேருக்கும், அந்த வாசலையே மிதிக்காத ஸ்டோர் கிளார்க்குக்கும் ஒரே நாளில் பிசிஆர் பொசிட்டிவ் வந்தது. ஐவரில் நானும் ஒருவன். ஆஸ்பத்திரிக்கே கை கழுவக் கற்றுக்கொடுத்த ஆள் என்பதால், என் ரிசல்டைத்தான் எல்லோரும் முதலில் தேடிப் படித்தார்கள்.

எனக்கு மூக்கு ஒழுகியதோடு சரி. வார்டைத் துப்புரவு செய்யும் லெட்சுமி அக்காவுக்கு ஒக்சிஜன் வைக்க வேண்டி வந்தது. அவர் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்திலிருந்து வருபவர்.

2. ஒத்திகை

முதல் நோயாளி வருவதற்கு முன்பே நாங்கள் தயார். பாதுகாப்புக் கவுனைப் போடுவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்து. அந்த வரிசையை நானே செய்து காட்டினேன். முதுகு முடிச்சு அவிழாமல் சாமி வந்தவன் மாதிரி சுற்றினேன்.

"சார், மொதல்ல முடிச்ச அவுருங்க. அப்பறமா ஆடலாம்" என்றார் லெட்சுமி அக்கா. அன்று பிழையில்லாமல் கழற்றிய ஒரே ஆள் அவர்தான்.

வார்டு ஜன்னல்களைத் திறந்தே வைக்கச் சொன்னேன். பனிமூட்டம் கட்டில் வரை வந்தது. "நோவுல சாகாட்டி குளிர்ல சாவோம்ங்க" என்று நோயாளிகள் ஏசினார்கள். நான் அசையவில்லை.

பத்து மணிக்கு எங்கள் தேநீர். தீப்பெட்டி மாதிரி ஓர் அறை, லெட்சுமி அக்காவோடு எட்டுப் பேர், எல்லோருடைய மாஸ்க்கும் தாடையில். பெரிய டொக்டர் கை கழுவுவது போல நான் நடித்துக் காட்டுவேன். கிளார்க் அதைப் பார்க்கவே வருவார். யாரோ குளிருது என்றதும் எழுந்து ஜன்னலை மூடியவன் நான். என் சோதனைப் பட்டியலில் கழிவறைகூட இருந்தது. தேநீர் அறை இல்லை.

3. ஒரு வரி

தொற்று எப்படிப் பரவியது என்ற ரிப்போட்டை நான்தான் எழுத வேண்டும். பெரிய டொக்டர் எனக்குப் போன் செய்தார். "லேசா முடிப்பம். லெட்சுமி கவுன் கழட்டக்குள்ள பிழை விட்டிருக்கா. இல்லாட்டி லயத்துல இருந்து கொண்டு வந்திருக்கா. ஒரு வரி எழுதித் தாங்க."

"கிளார்க் கவுனே போட்டதில்லயே டொக்டர்?"

"அத நீங்க கேக்காட்டி யாரு கேக்கப் போறா?"

அக்காவுடையது தற்காலிக வேலை. அந்த ஒரு வரி போதும், வேலை போய்விடும். லயத்துக்கு நோயைக் கொண்டுவந்தவள் என்ற பேரும் நிலைத்துவிடும்.

4. கட்டில்

நானும் நோயாளிதான் என்பதால், கவுன் இல்லாமலே அவர் அருகில் போய் உட்கார முடிந்தது. அக்கா ஒக்சிஜன் மாஸ்க்கைச் சற்றுத் தூக்கினார்.

"சார், நான் எங்க தப்பு வுட்டேன்? படுத்துக்கிட்டே மனசுல ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்குறேன். புடிபடல."

"நீங்க ஒரு தப்பும் வுடலக்கா. டீ ரூம்ல புடிச்சது. ஜன்னல மூடிட்டு உங்கள எல்லாம் சிரிக்க வச்சது நான்."

என்னையே பார்த்தார். "நெசமாவா? அப்ப எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லுங்க சார். லயத்துல என்னயத்தான் ஏசுறாங்களாம்."

அங்கேயே போன் போட்டுச் சொன்னேன். அக்கா போன் பக்கம் முகத்தைத் திருப்பி, "கேட்டீங்களா? சாரே சொல்றாரு" என்றார்.

அன்றே, நடந்ததை நடந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். டொக்டர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அக்கா ஒன்பதாம் நாள் இறந்தார். சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை.

5. பிரதி

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி இருக்கும் இடத்தில் நாம் கவனமாகத்தான் இருப்போம். நாம் நிம்மதியாக உட்காரும் இடத்தை முதலில் போய்ப் பாருங்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு அக்காவின் கணவர் வந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "அந்த ரிப்போட்ட தமிழ்ல எழுதித் தாங்க சார். லயத்துல வாசிச்சுக் காட்டணும்" என்றார்.

ஆங்கிலத்தில் 'போதிய காற்றோட்டமின்மை' என்று எழுதியிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்திருக்க, தமிழில் அந்த இடத்தில் என் பெயரை எழுதி, ஜன்னலை மூடியவன் இவன் என்று முடித்தேன்.