ஷர்புன்னிசாவின் மூன்றாவது கூரை

1986 ஜூன் 4 — சீமை ஓடு, மரச்சட்டம், கூலி: ரூ. 6,240
2011 டிசம்பர் 30 — தானே புயல். ஓடு போனது.
2012 பிப்ரவரி 19 — தகர ஷீட், இரும்புக் குழாய், கூலி: ரூ. 41,300
2013 அக்டோபர் 6 — பழைய லாரி டயர் பதினாறு: ரூ. 800
2020 நவம்பர் 26 — நிவர் புயல். ஷீட் போனது. டயரும் போனது.
2021 ஜூலை 11 — ஷீட், குழாய், கம்பி, போல்ட், கூலி: ரூ. 1,68,750
2021 ஆகஸ்ட் 2 — முன்சாய்ப்பு, தனியாக: ரூ. 22,400

இது உளுந்தூர்பேட்டையில் என் வீட்டுக்கு மேற்கே, ஒரு மதில் தள்ளி இருக்கும் வீட்டின் கூரைக் கணக்கு. நான் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அந்த வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் பில்லைச் சரிபார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். ஆகவே தொகைகளுக்கு நான் பொறுப்பு.

வீடு ஷர்புன்னிசாவுடையது. கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். கல்யாணத்தின்போது அவருடைய தாயார் வாங்கிக் கொடுத்த வீடு, பத்திரமும் அவர் பெயரில்தான். கணவர் ஷேக் மைதீன் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் தொழில் செய்தார். கல்யாணமான மறு வருஷமே மிஷினில் மனைவி உட்கார்ந்தார், கணவர் துணி வெட்டுவதோடு நின்றுகொண்டார். அந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை. திருச்சி ரோட்டில் ஓடும் டிரைவர்களுக்கு அந்த வாசல் தெரியும். ஓரம் கிழிந்த தார்ப்பாயை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவார்கள், வரும்போது தைத்து மடித்து வைத்திருக்கும்.

வீட்டுச் சுவர் செங்கல்தான், ஆனால் மண் சாந்து வைத்துக் கட்டியது. முதல் கூரை ஓடு. தானே புயல் அதில் பாதியைத் தெருவில் நொறுக்கியது, மீதியை எங்கே கொண்டுபோனது என்று தெரியவில்லை. இரண்டாவது கூரை போடும்போது ஷர்புன்னிசா கேட்டது ஒன்றே ஒன்று: வாசலில் அகலமான நிழல். லாரித் தார்ப்பாயை விரித்துப் போட்டுத் தைக்க வீட்டுக்குள் இடம் கிடையாது. ஷீட் போட வந்தவர், உச்சியிலிருந்து வாசல் தாண்டிப் பன்னிரண்டு அடிவரை ஒரே சரிவாக இழுத்துவிட்டார். "நிழல் ஜாஸ்தி, செலவு கம்மி" என்றார். அது அப்போது எல்லோருக்கும் நல்ல யோசனையாகவே பட்டது. எனக்கும்தான்.

காற்றடித்தால் ஷீட் தடதடவென்று ஆடியது. அதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதையே ஷேக் மைதீனும் செய்தார். லாரி ஷெட்டில் பழைய டயர் வாங்கிக் கூரை மேல் அடுக்கினார். ரோட்டோரம் இன்றும் பார்க்கலாம், டயர் இல்லாத ஷீட் வீடு குறைவு.

நிவர் புயலில் காற்று வடமேற்கிலிருந்து வந்தது. வீடு வடக்குப் பார்த்தது. வாசல் நிழலுக்காக நீட்டிய முன்சாய்ப்புக்கு அடியில் புகுந்து தூக்கியது. சாய்ப்பும் கூரையும் ஒரே ஷீட் என்பதால் ஒன்றோடு மற்றதும் போனது. விடிந்ததும் ஷேக் மைதீன், ஓடிப்போன கோழியைத் தேடுகிறவர் போல என் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, நம்ம டயரு எதுனா இங்க வந்திச்சா?"

"மூணு வந்திருக்கு. ஒண்ணு கெணத்துல இருக்கு."

"அது இருக்கட்டும். அதுக்கும் தண்ணி தாகம் எடுத்திருக்கும்."

சிரித்துவிட்டுப் போனார். ஆனால் வீட்டுக்குள் சிரிக்கும்படி ஒன்றும் இல்லை. பரண் மேல் இருந்த டிரங்குப் பெட்டியில் தண்ணீர் நின்றது. அதில்தான் வீட்டுப் பத்திரம். சென்னையில் வேலை பார்க்கும் மகன் சுஐப் மறுநாள் வந்தான். பத்திரத்தை ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் துணி மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் காயவைத்தான். மை கலங்கியிருந்தது, ஆனால் கையெழுத்துகள் பிழைத்தன.

"கூரை இல்லாத வூட்ல பத்திரம் எதுக்கும்மா? நான் எடுத்துக்கினு போறேன்" என்றான்.

"எடுத்துக்கினு போ. எப்ப திருப்பிக் குடுப்ப?"

"காயிதம் நனையாத வூடா ஆவட்டும், குடுக்கறேன். ஆவலன்னா வித்துட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்துடுங்க."

"உன் வூடு மூணாவது மாடி. லாரி படியேறி வருமாடா?"

அவன் தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டான். அவன் சொன்னது நியாயம் என்று அவருக்கும் தெரியும். பயந்துபோய்ச் சொன்னான், பேராசையில் அல்ல. அடுத்த மார்ச் மாதம் அவனிடமிருந்து ரிஜிஸ்தர் தபாலில் ஒரு கிரய ஒப்பந்தம் வந்தது, முத்திரைத்தாளில் அடித்தது. ரோட்டில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் வண்டி நிறுத்த இடம் தேடினாராம். ஷர்புன்னிசா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவர் போடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. பெட்டியைத் துடைத்து அதே பரணில் வைத்து, அந்த ஒப்பந்தத்தை உள்ளே போட்டுப் பூட்டினார்.

"இன்னாமே, பத்திரம் போயி வூட்ட வாங்கறவன் காயிதம் வந்துடுச்சா?" என்றார் ஷேக் மைதீன்.

"கெடக்கட்டும். இது நனையுதான்னு பாப்போம்" என்றார் ஷர்புன்னிசா.

கூரை போனதிலிருந்து அந்த வீட்டுக்கு மேலே கூரையாக இருந்தது ஒரு லாரித் தார்ப்பாய். அவரே தைத்தது. ஓரமெங்கும் பித்தளை வளையம் அடித்து, கயிறு கோத்து, சுற்றிலும் தரையில் முளை அடித்துக் கட்டியிருந்தார்கள். சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் ஒரு சூறைக்காற்று வந்தது. பக்கத்துத் தெருவில் டயர் வைத்த ஷீட்டுகள் இரண்டு புரண்டன. தார்ப்பாய் உப்பியது, அடங்கியது, அங்கேயே இருந்தது. அதை என் மாடியிலிருந்து பார்த்தேன்.

பிறகு என்ன கூரை போடுவது என்ற பேச்சு நடந்தது. காங்கிரீட் போட மண் சாந்துச் சுவர் தாங்காது, இடித்துக் கட்ட வேண்டும், ஒன்பது லட்சம் ஆகும் என்றார் மேஸ்திரி. சிமெண்ட் ஷீட் ஒரு கிளை விழுந்தால் விரிசல் விடும். ஓடு வேண்டாம் என்று ஷர்புன்னிசாவே சொல்லிவிட்டார். மறுபடி தகர ஷீட்டுக்குத்தான் வந்து நின்றது. அப்போதுதான் ரிஷிவந்தியத்துப் பக்கம் கோழிப்பண்ணை ஷெட் போடும் பச்சமுத்துவை ஒரு டிரைவர் அழைத்து வந்தார். பச்சமுத்து முதலில் தார்ப்பாயைச் சுற்றி வந்து கயிற்றையெல்லாம் இழுத்துப் பார்த்தார்.

"அக்கா, கூரை வுழும்னு நெனச்சிதான் எல்லாரும் மேல பாரம் வெக்கறாங்க. புயல்ல கூரை வுழாது, மேல எழும்பும். அத கீழேர்ந்து புடிச்சிக்கணும்."

"லாரி மேல தார்ப்பாய்க்கு நாங்க கல்லா வெக்கறோம்? கயிறுதான கட்றோம்" என்றார் ஷர்புன்னிசா. பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். "டயர் வாங்கியாந்தாரு, பதினாறு."

"அப்ப நீயும் சரின்னுதான சொன்ன" என்றார் ஷேக் மைதீன்.

பச்சமுத்து சொன்ன திட்டம் இது. இரண்டு பக்கச் சரிவுக்குப் பதில் நாலு பக்கமும் சரிவு, காற்று எந்தப் பக்கம் வந்தாலும் முட்டி நிற்க நேர்ச்சுவர் இருக்காது. நாலு மூலையிலும் சட்டத்திலிருந்து கம்பி சுவரின் உள்பக்கமாக இறங்கி, தரைக்குக் கீழே காங்கிரீட் குழியில் முடியும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடிப்பது கொக்கி போல வளைந்த ஜே போல்ட், அதையும் ஷீட்டின் மேட்டில்தான் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். எல்லாவற்றுக்கும் ஷர்புன்னிசா தலையாட்டினார். கடைசியில் பச்சமுத்து சொன்னார்:

"முன்னாடி சாய்ப்பு மட்டும் வேணாங்க. அதுதான் காத்துக்குக் கைப்பிடி."

"சாய்ப்பு இல்லாம நான் எங்க உக்காந்து தைக்கறது? உன் தலை மேலயா?"

"சாய்ப்பு போட்டா கூரை நிக்கும்னு நான் சொல்ல மாட்டங்க."

"அப்ப கூரைய வெச்சிக்கினு நான் இன்னா சாப்புடறது?"

பச்சமுத்து அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். சாய்ப்பு இல்லை என்றால் தொழில் இல்லை, தொழில் இல்லை என்றால் சென்னைதான். சாய்ப்பு இருந்தால் அடுத்த புயலில் கூரை இல்லை, அப்போதும் சென்னைதான். அந்த வாரம் முழுக்க மிஷின் சத்தம் விட்டுவிட்டுத்தான் கேட்டது.

ஒரு காலையில் ஷர்புன்னிசா ஒரு கிழிந்த தார்ப்பாயோடு என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, பச்சமுத்துவுக்குப் போன் போடுங்க. நான் போட்டா எடுக்க மாட்டாரு, கோவமா பேசிட்டேன்."

போட்டேன். பச்சமுத்து வந்ததும் ஷர்புன்னிசா தார்ப்பாயை அவர் முன் விரித்தார். லாரியின் பின்புறம் தொங்கும் மடிப்பு மட்டும் பிய்ந்திருந்தது. பெரிய துணியில் ஒரு கீறல் இல்லை.

"பாருங்க. இந்த மடிப்ப மட்டும் நான் மெல்லிசு நூல்ல தைப்பேன். ஓட்டத்துல காத்து புடிச்சா இது பிஞ்சிக்கும். கெட்டி நூல்ல தைச்சேன்னு வைங்க, மொத்தத் தார்ப்பாயும் கிழியும். சாய்ப்ப இந்த மாதிரி போட முடியுமா?"

பச்சமுத்து மடிப்பை எடுத்துத் தையல் ஓட்டையை எண்ணுவதுபோல் பார்த்தார். "போடலாங்க" என்றார். "தனிக் கம்பம். கூரைக்கு ஒரு சாண் கீழ. கூரையோட ஒட்டே கூடாது. போல்ட்டும் சின்னதா."

"போறதுக்கு ஒண்ணு, இருக்கறதுக்கு ஒண்ணு."

"ஆமாங்க."

ஷேக் மைதீனுக்கு அன்று முழுக்க இதுதான் பேச்சு. வருகிற டிரைவர்களிடமெல்லாம் சொன்னார்: "ஊர்ல எல்லாரும் பறக்காத கூரை போடுவான். எங்க வூட்டம்மா பறக்கறதுக்குன்னே காசு குடுத்து ஒண்ணு போடறா."

கூரை போட்டதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும், ஐப்பசி மழைக்கு முன்னால், ஷர்புன்னிசா ஏணி போட்டு ஏறுவார். கணவர் ஏணியைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துத் திருகிப் பார்ப்பார். வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பர் வாஷரைக் கழற்றிப் புதிது போடுவார். துருப் பிடித்த இடத்தைச் சுரண்டிச் சிவப்பு பெயிண்ட் அடிப்பார். கூரை பக்கம் நீண்ட என் வேப்பங்கிளையை வெட்டச் சொல்லி மேலே இருந்தபடியே என்னைக் கூப்பிடுவார். எதிர் வீட்டு ராஜாம்பாள் முதல் வருஷம் கீழே நின்று கேலி செய்தார்.

"இன்னாக்கா, பெருநாள் சட்டை மாதிரி கூரைக்குப் பட்டன் தைக்கறியா?"

"ஆமாடி. உன் வூட்டு டயரு எறங்கி வரும்போது சொல்லு, அதுக்கும் தைக்கறேன்."

மூன்றாம் வருஷம் ராஜாம்பாள் அதே ஏணியைக் கடன் கேட்டார்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரைக்கு வந்து, நகராமல் நின்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம், அந்த வீட்டு முன்சாய்ப்பு எழும்பியது. ஒரு பக்கம் மட்டும் முதலில் எழும்பி, நின்று, பிறகு முழுதாகப் புரண்டு மதில் தாண்டி என் முருங்கை மரத்தின் மேல் விழுந்தது. மரம் இரண்டாகப் பிளந்தது. நான் மரத்தைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தேன். அடுத்து அதுதான் என்று நினைத்தேன். சாய்ப்பு போன பிறகு காற்றுக்குப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. மழை சரிவில் வழிந்து ஓடிக்கொண்டே இருந்தது. கூரை இருந்தது.

உள்ளே என்ன நடந்தது என்று ஷேக் மைதீன் பிறகு சொன்னார். "மூலைக் கம்பி மேல கைய வெச்சிக்கினே நின்னா. லாரி எஞ்சின் மாதிரி உறுமுது. வுடுறி, சூடு பட்டுடப்போவுதுன்னேன். அடிக்க வந்துட்டா."

மழை விட்டதும் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்கள். ஒப்பந்தத் தாள் போட்டபடியே இருந்தது. நான் விரலால் தடவிப் பார்த்தேன், ஓரம்கூட ஈரமில்லை. ஆனால் அடுப்படியில் ஒரு குண்டான் வைக்கப்பட்டிருந்தது, சொட்டிக்கொண்டிருந்தது. புரட்டாசியில் அந்த மூலைக்கு ஏணி எட்டவில்லை என்று ஷர்புன்னிசா விட்டுவிட்டிருந்தார்.

"அது என் சோம்பேறித்தனம், அண்ணா. கூரை மேல பழி இல்ல" என்றார். மறுநாளே பெரிய ஏணி வாங்கிவந்து அந்த வாஷரை மாற்றினார்.

டிசம்பர் 9 திங்கட்கிழமை அந்த ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடாமலேயே ஒரு உறையில் வைத்து, சுஐபுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். கூட ஒரு துண்டுத் தாள். அதில் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: "நனையல."

சுஐப் போன் செய்தான். அம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசினான், அத்தாவிடம் முட்டிவலியைப் பற்றிப் பேசினான். வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஷர்புன்னிசாவும் கேட்கவில்லை. என் தோட்டத்திலிருந்து வளைந்த குழாய்களை எடுத்துப்போய் பச்சமுத்துவிடம் நிமிர்த்தி வாங்கி, டிசம்பர் 29 அன்று சாய்ப்பை மறுபடி போட்டார். ரூ. 11,300. சின்ன போல்ட்தான். என் முருங்கைக்குப் பதில் இரண்டு முருங்கைக் கொம்பு கொண்டுவந்து அவரே நட்டார். இரண்டும் துளிர்த்துவிட்டன.

பிறகு ஒரு தடித்த உறை வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது ஷர்புன்னிசா மிஷினில் இருந்தார். நூலை அறுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். உள்ளே பத்திரம், மை கலங்கிய அதே தாள்கள், பிளாஸ்டிக் உறையில். மேலே சுஐபின் கடிதம், நாலே வரி. நேரில் கொண்டுவரக் கூச்சமாக இருக்கிறதாம். பத்திரத்தைப் பழைய இடத்திலேயே, பரண் மேலேயே வைக்கச் சொல்லியிருந்தான். மனைவி ருக்ஷானாவின் அம்மா வீடு கடலூரில் இருக்கிறது, அதற்கும் கூரை மாற்ற வேண்டும், பச்சமுத்து நம்பர் வேண்டும் என்று கேட்டிருந்தான்.

அந்தக் கடிதம் வந்தது 2025 ஜனவரி 8, புதன்கிழமை.