இன்னிக்கு யாரு பாடு?

போன வருசம் ஐப்பசி மாசம். நாலு நாள் விடாம பேஞ்ச மழ ஓஞ்சி, சுள்ளுனு வெய்யில் அடிச்ச ஒரு திங்கக்கெழம. பொன்னேரிக்கு வெளிய, வயலு நடுவுல, பச்ச பெயின்ட் அடிச்ச ஒரு முதியோர் இல்லம் இருக்குது. அங்க நடந்தத சொல்றேன். எனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுறது எம்மருமவ. அவளப் பத்தி வர்ற எடத்துலல்லாம் பேனா நிக்குது. எழுதும்மா, நெஜத்தத்தானே சொல்றேன்.

நமக்கு ஊரு தோணிரேவு, பழவேற்காடு ஏரிக்கரை. பொறந்ததுலேர்ந்து ஏரிதான். எம்பொண்டாட்டியோட அண்ணன், எனுக்கு மச்சான், என்னவிட அஞ்சு வயசு மூப்பு. அவரு கட்டினவ மொத பிரசவத்துலயே போயிட்டா. அப்பறம் எத்தினி பேரு சொல்லியும் அவரு இன்னொருத்திய கட்டிக்கல. எங்க வூட்லதான் சோறு, எங்க வூட்லதான் படுக்க. நாப்பது வருசம் ரெண்டு பேரும் ஒரே தோணில போனோம். இப்ப மாதிரி ஃபைபர் படகு இல்ல, மரத்தோணி. அவரு முன்னாடி நின்னு கழி ஊனித் தள்ளுவாரு, நான் பின்னாடி வலைய பாத்துக்குவேன். ஒரு தபா அவரு கழிய சேத்துல வுட்டுட்டு, அதயே கட்டிப்புடிச்சிக்கினு நின்னாரு, தோணி மட்டும் என்னத் தூக்கிக்கினு போயிடுச்சி. திரும்பிப் பாத்தா கொக்கு மாதிரி கழி மேல தொங்கினு இருக்காரு. அத இப்ப சொன்னாலும் சிரிப்பாரு. சரி, அது கெடக்கட்டும்.

மூணு வருசமா அவருக்கு ஞாபகம் போயிடுச்சி. காலைல நாஸ்தா துன்னா, கை கழுவறதுக்குள்ள "இன்னும் சோறு போடலியே"ம்பாரு. ஆனா அந்தக் காலத்துல எந்தப் பக்கம் எறா ஏறுச்சி, எந்தக் காத்துக்கு ஏறுச்சினு கேளு, புட்டுப் புட்டு வெப்பாரு.

இதுல கூட ஒண்ணும் இல்ல. விடியக்காலம்தான் பேஜாரு. தெனம் வெளுக்கறதுக்கு முன்னாடி எழுந்து, லுங்கிய மடிச்சிக் கட்டிக்கினு, ஏரியப் பாத்து நடக்க ஆரம்பிச்சிடுவாரு. ரெண்டு தபா புடிச்சிக்கினு வந்தோம். ரெண்டாவது தபா மார் வரைக்கும் சேத்துல நின்னுக்கினு இருந்தாரு. கையால எறா தடவறதுக்குப் போன பொம்பளைங்க பாத்து கூவலன்னா அன்னியோட முடிஞ்சிருக்கும். எனுக்கு முட்டி ரெண்டும் போயிடுச்சி. தெனம் வாசப்படில மறிச்சிக்கினு நின்னு கத்துவேன்.

"எங்க மச்சான் போற? தோணிய ஒடச்சி அடுப்பெரிச்சி எத்தினி வருசம் ஆச்சு! நம்ம கூட வந்தவனுங்கல்லாம் செத்துப் போயி புல்லு மொளச்சிடுச்சி!"

"யாரு செத்தா?"ம்பாரு. நானும் வுடாம ஒவ்வொருத்தன் பேரா சொல்லுவேன். அப்டியே படிலயே குந்திடுவாரு. கண்ணுல தண்ணி கொட்டும். கடைசில, "எந்தங்கச்சியாவது இருக்குதாடா?"னு கேப்பாரு. எம்பொண்டாட்டியத்தான் கேக்கறாரு. அதுவும் போயிடுச்சினு சொல்லிட்டு நான் உள்ள போயிடுவேன். மறுநாளு திரும்பியும் அதே கூத்து.

மீஞ்சூர்ல வேல செய்யற எம்புள்ள போன்ல கத்தினான். "நைனா, உன்னாலயும் முடியல, ஒருநாளு ரெண்டு பேரும் தண்ணியில போவப் போறீங்க. அந்த எடத்தப் போயி பாரு. நல்லா இருந்தா ஒரு வாரம் மாமாவ வுட்டுப் பாப்போம்"னான். எம்மருமவ செல்போன்ல இருந்து ஒரு லிஸ்ட்டு எடுத்து வெச்சிருந்தா. இல்லத்துல இன்னா இன்னா பாக்கணும்னு யாரோ போட்டதாம். கக்கூஸ்ல கைப்புடி இருக்குதா, தர வழுக்குதா, டாக்டரு வருவாரா, ஃபேன் ஓடுதா. கைப்புடிய கேக்கறானே, மீனு உண்டானு ஒரு கேள்வி அதுல இருக்குதானு கேட்டேன். இல்லியாம். இன்னா லிஸ்ட்டு அது?

ஷேர் ஆட்டோல பழவேற்காடு, அங்கேர்ந்து பஸ்ஸுல பொன்னேரி. மச்சானுக்கு எம்மருமவ வெள்ள சட்ட, வேட்டிய இஸ்திரி போட்டு மாட்டி வுட்டிருந்தா. அவரு ஆளு வாட்டசாட்டமா இருப்பாரு. நான் எப்பவும் போல லுங்கி, முட்டில துணி சுத்தின கட்டு, கைல கோலு. இதாலதான் வந்துது வெனை.

இல்லத்துல கண்ணாடி போட்ட மேனேஜரு ஒருத்தரு வந்தாரு. நேரா மச்சானுக்கு வணக்கம் சொல்லி, நாற்காலி போட்டு குந்த வெச்சாரு. என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாரு, சின்னப் புள்ளைய பாத்து சிரிக்கற மாதிரி.

"சார், உங்க தம்பிக்கு சுகர் இருக்கா?"

"இருக்கு. சொன்னா கேக்க மாட்டான்"னாரு மச்சான். எனுக்கு சுகரே கெடையாது.

"காலைல எழுந்து வெளிய போயிடுவாரா?"

"போயிடுவான். புடிச்சி நிறுத்த முடியாது. வூட்ல எல்லாரையும் கத்துவான்."

"எனுக்கு இல்லய்யா, இவருக்கு! சேக்க வந்தது இவர!"ன்னேன். மேனேஜரு மச்சானப் பாத்து, "பாவம், எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்வாங்க"னு தலைய ஆட்டறாரு. அதுக்குள்ள ஒரு நர்ஸ் பொண்ணு வந்து எங்கைல பட்டைய சுத்தி, புஸ்ஸு புஸ்ஸுனு காத்தடிக்க ஆரம்பிச்சிட்டா. எம்மருமவ எங்கனு பாத்தா, முந்தானைய வாயில வெச்சி அமுக்கிக்கினு செவத்தப் பாத்து நிக்கறா. தோள் மட்டும் குலுங்குது. (இங்க பேனா நின்னுது. எழுதும்மா.)

மச்சான் எழுந்து வந்து எந்தோளுல கை வெச்சாரு. "கம்முனு இரு மாப்ள. நல்ல எடமாத்தான் தெரியுது. நான் வாரம் வாரம் வந்து பாக்கறேன்."

எம்மருமவ ஒருவழியா சிரிப்ப அடக்கிக்கினு வெவரத்த சொன்னா. மேனேஜரு மன்னிப்பு கேட்டாரு. ஆனா அந்த நர்ஸ் பொண்ணு எம்பிரஷரு ரொம்ப ஏறிக் கெடக்குதுனு சொல்லிட்டுத்தான் பட்டைய அவுத்தா. ஏறாம இன்னா செய்யும்?

அப்பறம் சுத்திக் காட்டினாங்க. கொற சொல்லக் கூடாது, சுத்தமாத்தான் இருந்துது. கைப்புடி இருந்துது. தர வழுக்கல. எம்மருமவ ஒவ்வொண்ணா செல்போன்ல தட்டிக்கினே வந்தா. நான் ரூம் ஜன்னலத் தொறந்தேன். மேற்கால பாத்த ஜன்னலு, வெளிய மதிலு. எந்தக் காத்து அடிக்குதுனு உள்ள இருக்கறவனுக்கு எப்டி தெரியும்னு கேட்டேன். "ஃபேன் இருக்குங்க"ன்னாரு மேனேஜரு. வாசல்ல இம்மாம் பெரிய பூட்டு. அதக் காட்டி, "இந்தக் கவலையே உங்களுக்கு வேணாம். எங்கயும் போக முடியாது. ரொம்பக் கத்தினா டாக்டர் ஒரு மாத்திர எழுதித் தருவாரு, தூங்கிடுவாங்க"ன்னாரு. பூட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவுல எம்மச்சான வெச்சிப் பாத்தேன், திரும்பிப் போயிடலாம்னு இருந்துது. ஆனா அந்த சேத்த நெனச்சா இதாவது இருக்கட்டும்னு தோணுச்சி. ஒரு வாரம்தானேனு சரின்னுட்டேன். எம்மருமவ அவருக்கு ரெண்டு உடுப்ப பையில எடுத்துக்கினே வந்திருந்தா.

ஆபீசுக்குப் போற வழில வராண்டா. அங்க பத்துப் பன்னெண்டு கெழவனுங்க பிளாஸ்டிக் சேரப் போட்டு வரிசையா குந்திக்கினு, எல்லாரும் வெளியவே பாத்துக்கினு இருந்தாங்க. மச்சான் நின்னுட்டாரு. வேட்டிய மடிச்சிக் கட்டினாரு. ஒரு சுத்து எல்லாரையும் பாத்துட்டு, கணீர்னு கேட்டாரு:

"இன்னிக்கு யாரு பாடு?"

படிக்கிறவங்களுக்கு இத சொல்லணும். எங்க ஏரில எறா வலை போடறதுக்கு மொற உண்டு. எந்த நாளு, எந்த எடம், எந்த ஆளுங்கனு ஊருல குந்தி சீட்டு எடுத்துப் பிரிச்சிக்குவோம். அந்த மொறைக்குப் பேருதான் பாடு. நம்ம பாடு வர்ற அன்னிக்கு நாம போவணும். அடுத்தவன் பாடு அன்னிக்கு எறா கொட்டிக்கினு வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கக் கூடாது. மீறினா ஊர்ல தல நிமிர முடியாது. கரையில வரிசையா ஆளுங்க குந்திக்கினு இருந்தா, வர்றவன் மொதல்ல கேக்கறது இதத்தான்.

அந்த நர்ஸ் பொண்ணு திருநெல்வேலி பக்கமாம். அவளுக்கு இன்னா தெரியும்? "பாடணுமா தாத்தா? பாடுங்க பாடுங்க, எல்லாரும் கேப்போம்!"னு கையத் தட்டிட்டா. சேர்ல இருந்தவங்களும் தட்டறாங்க. ஒரு கெழவரு யாரையும் எதிர்பாக்காம கண்ண மூடிக்கினு மாதா பாட்ட எடுத்துட்டாரு. பக்கத்துல இருந்தவரு அதுக்குப் போட்டியா முருகன் பாட்டு.

"டேய் மாப்ள, பாடு கேட்டா பாட்டுப் பாடறானுங்க! எந்த ஊரு ஆளுங்கடா இவனுங்க?"னு மச்சான் கத்தறாரு. "பாட்டுக்கு நேரமாவுது, வா!"ன்னாரு. அந்தப் பொண்ணு அதுக்கும் சிரிச்சிக்கினே, "ரொம்ப ஆசையா இருக்காங்க"ங்கறா. எனுக்குத் தலையில அடிச்சிக்கலாம் போல இருந்துது.

அவர இழுத்துக்கினு போயி ஆபீஸ்ல குந்த வெச்சோம். நர்ஸ் பொண்ணு ஒரு ஃபாரத்த எடுத்து எழுத ஆரம்பிச்சா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்ல, என் கட்ட வெரல்ல மைய தடவி தயாரா வெச்சிட்டாங்க. மச்சான பெரிப்பானு கூப்பிடற எம்மருமவ எட்டிப் பாத்துட்டு, "மாமா, பெரிப்பாவுக்குப் பாட்டுல ஆர்வம்னு எழுதறாங்க"ன்னா.

எனுக்கு வந்துதே கோவம். "பாட்டும் இல்ல கூத்தும் இல்ல! இந்தப் பாடுதான் என் உசுர வாங்குது"னு ஆரம்பிச்சி எல்லாத்தையும் கொட்டிட்டேன். சீட்டு எடுக்கறது, மொற, மீறக் கூடாதது, தெனம் விடியக்காலம் "நம்ம பாடு"னு அவரு கெளம்பறது, நான் மறிக்கறது, சேறு, எல்லாம். அவ தல நிமிராம எழுதிக்கினே, ரொம்ப சாதாரணமா கேட்டா:

"அப்ப, இன்னிக்கு உங்க பாடு இல்லனு சொன்னா போக மாட்டாங்கள்ல தாத்தா?"

"இன்னா சொன்ன?"

"மொற இல்லாத அன்னிக்குப் போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் கேட்டேன். காலைல கெளம்பினா அப்படிச் சொல்லணும்னு எழுதிக்கட்டுமா?"

எழுவது வருசமா பாடு பாடுனு அதுலயே பொழச்சவன் நான். அந்தப் பொண்ணு ஏரியக் கூட பாத்தது இல்ல. கால் மணி நேரம் முன்னாடி பாட்டுனு நெனச்சி கையத் தட்டிக்கினு நின்னா. கோவம்தான் வந்துது, அவ மேல இல்ல. மைய லுங்கில தொடச்சிக்கினு எழுந்துட்டேன். "இன்னா மாமா?"ன்னா எம்மருமவ. "பைய எடு, வூட்டுக்குப் போலாம்"னேன். மேனேஜரு வாசல் வரைக்கும் வந்து, பிரஷர மறக்காம பாருங்கன்னாரு.

மறுநாளு வெளுக்கறதுக்கு முன்னாடி மச்சான் லுங்கிய மடிச்சிக் கட்டிக்கினு படியாண்ட வந்தாரு. நான் மறிக்கல. பாயில படுத்துக்கினே சொன்னேன்.

"மச்சான், இன்னிக்கு நம்ம பாடு இல்ல."

நின்னாரு. "அப்ப யாரு பாடு?"

"வடக்குத் தெரு ஆளுங்களுது."

மடிச்சிக் கட்டின லுங்கிய எறக்கி வுட்டாரு. அப்பறம் வுட்டாரு பாரு ஒரு திட்டு. "அறிவு கெட்டவனே, இத ராத்திரியே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? வீணா என்ன எழுப்பி வுட்டுட்டு!" திரும்பிப் போயி, போர்வைய தல வரைக்கும் இழுத்துக்கினு படுத்துட்டாரு. ரெண்டு நிமிசத்துல கொறட்ட.

எல்லா நாளும் இது நடக்காது. சில நாளு "நேத்தும் அவனுங்களுது, இன்னிக்கும் அவனுங்களுதா, வா பஞ்சாயத்துக்குப் போலாம்"னு சண்டைக்கு நிப்பாரு. அப்ப டீ போட்டுக் குடுத்து சமாளிக்கறா எம்மருமவ. என் முட்டி இன்னும் எத்தினி நாளு தாங்குமோ, ஒருநாளு அவரு அந்தப் பச்ச வூட்டுக்குப் போவ வேண்டித்தான் இருக்கும். அந்தப் பொண்ணு அங்க இருந்தா நல்லது.

பொய் சொல்லி ஏமாத்தறியேனு ஒருத்தரு கேட்டாரு. எது பொய்? இன்னிக்கு நெஜமாவே எங்க பாடு இல்லியே! அந்த ஒரு சொல்லு எந்நாக்குலயே இருந்துது. அத வுட்டுட்டு, ரெண்டு வருசம், தெனம் விடிஞ்சா, அந்த மனுசனுக்கு அவரு தங்கச்சி செத்த சேதிய புதுசா சொல்லி அழ வெச்சிக்கினு இருந்தேனே, அத நெனச்சாத்தான் எம்மேலயே எனுக்கு இன்னும் ஆத்திரம் அடங்க மாட்டேங்குது.