மலையில் ஏது சாக்கடை மூடி?

நீங்கள் நம்பவேண்டும் என்ற கட்டாயம் இல்லை; நானே நம்பவில்லை. பேய், பிசாசு, ஆவி எதற்கும் மரியாதை கொடுத்துப் பழக்கமில்லாதவன் நான். தாம்பரத்தில் எதிர்த்திசையில் பாய்ந்து வரும் ஷேர் ஆட்டோக்களுக்குத் தப்பித்தே ஐம்பதைத் தாண்டியவனுக்கு, செத்தவர்களிடம் பயப்பட என்ன இருக்கிறது? இன்றைக்கும் அதே கட்சிதான். நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

பம்மலில் செருப்புக்கடை வைத்திருக்கும் சலீம் பாயும் நானும் காலை நடைத் தோழர்கள். இருவருக்கும் சர்க்கரை ஒரே அளவில் இருந்ததில் வளர்ந்த நட்பு. யார் பேச்சையோ கேட்டு ஒரு மலையேற்றக் குழுவில் சேர்ந்து, தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் முதுகில் அரிசிப் பையோடு ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தோம். ஒரு அம்மா நிறுத்தி, கிலோ என்ன விலை என்று கேட்டார். போன மழைக்காலத்தில், கொடைக்கானலுக்குப் பின்புறம் மூன்று நாள் நடைக்குக் கிளம்பினோம்.

இரண்டாம் நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. வழிகாட்டியும் மற்றவர்களும் முன்னே போய்விட, கடைசியில் நாங்கள் இருவர் மட்டும், உபயம் என் முழங்கால். எதிரில் ஒன்றும் தெரியாத மூட்டம், பாதை முழுக்கத் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. கால் தவறினால் தேடி எடுப்பதுகூடச் சந்தேகம்.

முடிச்சூர்ப் பக்கம் வெள்ளத்தில் என்ன செய்வோமோ அதையே செய்தோம். முட்டளவுத் தண்ணீரில் சாக்கடை எங்கே திறந்து கிடக்கிறது என்று தெரியாதல்லவா, அதனால் முன்னால் போகிறவரின் பையைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தை விட்டு, தெருவின் நடுவாகவே நடப்போம்; முன்னவர் காலால் துழாவி, கல்லு, பள்ளம் என்று சொல்லிக்கொண்டே போவார். மலையில் நடுப்பாதையில்தான் தண்ணீர் ஆளை இழுக்கும் என்பதை வழிகாட்டி பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். எங்களுக்குத் தெரிந்த வெள்ளம் அதுதான், என்ன செய்ய?

ஓர் ஓடையைத் தாண்டியதும், பாயின் பையை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்தும் பயனில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிரில் மங்கலாகத் தெரிந்த பையின் வாரை மறுபடி பிடித்தேன். நான் செய்த காரியம் அவ்வளவுதான்.

பிறகு வெகுநேரம் தலை நிமிராமல் நடந்தேன். முன்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது, கல்லு, பள்ளம், கல்லு என்று. ஓரிடத்தில் வார் சட்டென்று விறைத்து நின்றது.

"ஓரமா வராதீங்க. அங்க மூடி இல்ல."

மலையில் ஏது சாக்கடை மூடி? பாய் தமாஷ் பண்ணுகிறார் என்று சிரித்தேன். ஆனால் கால் பழக்கதோஷத்தில் உள்பக்கம் நகர்ந்துகொண்டது. அடுத்த நிமிடம், நான் நின்றிருந்த ஓரத்து மண் சரிந்து கீழே போகும் சத்தம் கேட்டது.

தரை சமமாகி, அன்று தங்கவேண்டிய கொட்டகையின் பேச்சுச் சத்தம் காதில் விழுந்தபோது வாரை விட்டேன். கண்ணாடியை எடுத்து மாட்டினேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. கொட்டகைக்குள் எல்லாரும் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள், பாயைத் தவிர. அவர் எங்கே என்று வழிகாட்டி என்னைக் கேட்டார்.

தேடிப்போக வழிகாட்டி கயிற்றை எடுக்கும்போது பாய் வந்து சேர்ந்தார். நான் வந்தது மேல்தடமாம். ஓடைக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிகிறதாம். பாய் கீழ்த்தடத்தில், பாரவண்டி இழுப்பவர்போல முன்னால் சாய்ந்தபடி வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் முதுகுப்பக்கம் பார்த்தார்.

"இன்னா சார், நீங்க எப்போ முன்னால வந்தீங்க?"

ஓடைக்குப் பிறகும் அவர் பையை ஒரு கை இழுத்துப் பிடித்தபடியேதான் வந்ததாம். மூடி, கீடி என்று அவர் எதுவும் சொல்லவே இல்லையாம்.

"வழி பூரா ஒண்ணேதான் கேட்டுகினு வந்தீங்க சார். என்னை உட்டுட மாட்டீங்களே பாய்னு. நானும் மாட்டேன், மாட்டேன்னு சொல்லிகினே வந்தேன்."

முழங்கால் கழன்று உருண்டு போனாலும் அப்படிக் கெஞ்சுகிற ஆள் இல்லை நான். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

அவள் கயிறு மந்திரிக்கச் சொன்னாள், பாய் வீட்டில் தர்காவுக்கு அழைத்தார்கள். ஒன்றுக்கும் போகவில்லை. சர்க்கரை இறங்கினால் காதில் ஆயிரம் கேட்கும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இறங்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். இறங்கும், என்ன இப்போது? அதை நிரூபிக்கவே இந்த மழைக்கும் அதே மலைக்கு, அதே நடைக்குப் பணம் கட்டிவிட்டேன்.

பாயும் வருகிறார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்தக் கை எந்த இடத்தில் தன் பையை விட்டது என்று அவருக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லையாம்.

"நான் உட்டுடல சார். அது அவருக்குத் தெரியணுமில்ல?" என்றார்.

எவருக்கு என்று நான் கேட்கவில்லை. பாய் பதில் சொல்லிவிடக்கூடிய ஆள்.