ஐம்பத்தெட்டரை வயது அப்பா

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டரை வயது என்று நான் விடை எழுதிக்கொண்டு போன நாளில் வகுப்பே சிரித்தது. இடைநிலைப் பள்ளியில் முதல் வருடம், படிவம் ஒன்று படித்தேன். வீட்டில் இருவரின் வயதை வைத்து ஒரு கணக்கு அமைத்து, எக்ஸ் போட்டுத் தீர்த்து வரச் சொல்லியிருந்தார் ஆசிரியர். விடை முன்பே தெரிந்துவிடக் கூடாதென்று, அப்பா, அத்தை இருவரின் ஐசியையும், அதாவது அடையாள அட்டையையும், பார்த்து மொத்தத்தை மட்டும் சொல்லும்படி அம்மாவிடம் கேட்டேன். நூற்றுப் பதினெட்டு என்றார். அத்தை அப்பாவுக்கு ஒரு வயது மூத்தவர். அதைச் சொல்லிச் சொல்லியே அப்பாவை அதட்டுவார். அப்பா எக்ஸ், அத்தை எக்ஸ் கூட்டல் ஒன்று. எத்தனை முறை போட்டாலும் அரை வந்தது. அரை வயதை வெட்டிவிட்டு வரச் சொல்லி ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை மேசையில் எறிந்தேன். அங்கே அப்பா ஒரு கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். வயது அறுபதாகிவிட்டது, மாதக் கடைசியோடு வேலை முடிந்தது என்று அவர் வேலை பார்த்த பாயான் பாரு தொழிற்சாலையில் கொடுத்தது.

"உங்க வயசே தப்புப்பா!" என்று கத்தினேன்.

குரல் உயர்த்தியே அறியாத மனிதர் மேசையில் ஓங்கி அறைந்தார். "தப்புதான்! அத அந்த ஆபிஸ்ல போய் சொல்லுலா!"

அத்தைதான் விஷயத்தைச் சொன்னார். இருவருக்கும் முன்னால் ஓர் அண்ணன் இருந்தானாம். மூன்று வயதில் இறந்துபோனான். அதே மாதம் அப்பா பிறந்தார். இறப்பையும் பதியாமல் பிறப்பையும் பதியாமல், செத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையே, பெயரோடு, அப்பாவுக்கு வைத்துக்கொண்டார் தாத்தா. அலைய அவ்வளவு சோம்பல்! "செத்தவன் வயசுக்கு இவன வீட்டுக்கு அனுப்புறானுங்க," என்று அத்தை பல்லைக் கடித்தார்.

எனக்கோ கணக்கு சரியாகிவிட்ட ஆத்திர சந்தோஷம். ஐசியில் அப்பாவுக்கு அறுபது, அத்தைக்கு ஐம்பத்தெட்டு; அறுபதில் மூன்று போனால் ஐம்பத்தேழு, அத்தைக்கு ஒன்று குறைவு. புதுத்தாளில் ஒவ்வொரு வரியாக எழுதி அப்பாவின் சட்டைப்பையில் திணித்தேன். ஆபிஸில் காட்டினால் இன்னும் மூன்று வருடம் வேலை கிடைக்குமே.

மறுநாள் மாலை தாள் மடித்தது மடித்தபடி பையிலேயே இருந்தது. இவ்வளவு சின்னக் கணக்கைக் காட்டக்கூட பயமா? "மூணுதானே, கழிச்சுத் தூக்கிப் போடச் சொல்லுங்கப்பா!" என்று குதித்தேன். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

நான் தூக்கிப் போடச் சொன்ன மூன்று, ஒரு பிள்ளை வாழ்ந்து முடித்த மொத்த வயது. அவன் பெயரில் வாழ்ந்தவரிடம் அதைச் சொல்கிறோம் என்று அன்று எனக்கு உறைக்கவே இல்லை.