இடமில்லை என்று அழித்த குரல்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். நாமக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவு செய்து வைக்கும் இலவசச் செயலி ஒன்றை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்ததும் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

இலவசம் என்பதால் அதில் இடம் குறைவு. இடம் நிறைந்தபோது, நன்றாக வாசித்தவர்களின் பதிவுகளை வைத்துக்கொண்டு, திக்கித் திக்கி வாசித்தவர்களுடையதை அழித்தேன். தர்ஷினியுடையதும் அதில் போனது.

அந்தக் கோடை விடுமுறையில் தர்ஷினி காய்ச்சலில் இறந்துபோனாள்.

பள்ளி திறந்ததும், கோழிப்பண்ணையில் வேலை செய்யும் அவள் அம்மா என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க டீச்சர், எங்க பாப்பா படிச்சது உங்க போன்ல இருக்குதுங்களா? ஊட்டுல போட்டோதானுங்க இருக்குது. அவ பேசுனது ஒண்ணுமே இல்லீங்க."

அழித்துவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அவ படிப்புல கொஞ்சம் சுமார்தானுங்க," என்றார். பிறகு, "மத்த புள்ளைங்க படிச்சதையாச்சும் போடுங்க. அவளும் அங்கதான உக்காந்திருப்பா," என்றார்.

ஒவ்வொன்றாகப் போட்டேன். பிரியா என்ற பெண் வாசித்து முடித்த இடத்தில், சற்றுத் தள்ளி ஒரு சின்னக் குரல் கேட்டது.

"டீச்சர், அடுத்தது நானுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மறுக்கா போடுங்க சாமி."

திரும்பத் திரும்பப் போட்டேன். எவ்வளவு ஆசையாகக் கேட்டிருக்கிறாள். அன்று வகுப்பில் அது என் காதில் விழவே இல்லை.