தம்பி அரைத்த வெண்ணெய்

பாலும் இல்லை, தயிரும் இல்லை, மத்தும் இல்லை; ஆனால் பெயர் மட்டும் வெண்ணெய். அமெரிக்காவிலிருந்து வந்த என் தம்பி அப்படித்தான் சொன்னான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேரன்மகாதேவிக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டு, வீட்டில் நடப்பதெல்லாம் தப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறவன். இந்தத் தடவை பெட்டியைத் திறந்ததும் சட்டைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு கிலோ பெக்கான் பருப்பை எடுத்து வைத்தான். பெக்கான் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வால்நட்டை இஸ்திரி போட்டு நீட்டினதுபோல ஒரு கொட்டை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எங்கள் வீட்டில் அப்போது கொட்டை தின்கிற நிலைமையில் யாரும் இல்லை. காய்ச்சலில் விழுந்து எழுந்த அம்மா சாப்பாட்டையே நிறுத்தியிருந்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற நான்தான் அவளோடு இருந்து பார்த்துக்கொண்டேன். உளுந்தங்களி கிண்டினேன், சொதி வைத்தேன், சோற்றைக் குழைத்துப் பாலில் கரைத்தேன். இரண்டு வாய் வாங்குவாள். மூன்றாவதுக்கு உதட்டை இறுக்கிக்கொள்வாள். பாளையங்கோட்டை டாக்டர் எடை பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், இல்லாவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பிக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "நீ குடுக்கது பூரா மாவுதாங்கா. கொழுப்பும் புரதமும் எங்கன இருக்கு? நான் செய்யுதேன் பாரு" என்றான். ஒரு நாள்கூட அம்மாவின் வாயைத் துடைத்துவிடாதவன் எனக்குப் பாடம் நடத்தினான். கொழுப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

மறுநாள் காலை, பெக்கானை அரைத்தே வெண்ணெய் ஆக்கப்போவதாகச் சொல்லி, கையில் உறை மாட்டிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தான். அடுக்களையா ஆபரேஷன் தியேட்டரா என்று கேட்டேன். இரும்புச் சட்டியில் பருப்பை வறுத்தான். அது கருகும்முன் அடுப்பை அணைத்தது நான். மிக்ஸியில் போட்டு ஓடவிட்டான். முதலில் தூளானது, பிறகு ஜாரின் ஓரமெல்லாம் அப்பிக்கொள்ள, பிளேடு வெறுமனே சுற்றியது. வழித்துவிட்டு மறுபடி ஓட்டினான். மிக்ஸி சூடேறி வாடை வந்தது. அது நான் வாங்கிய மிக்ஸி. "பைய நில்லுக்கா, எண்ணெ தானா விடும்" என்று சொல்லிவிட்டு, போன் வந்ததும் முற்றத்துக்குப் போய்விட்டான்.

நாற்பது வருடமாக அரைக்கிறவள் நான். அரைபடவில்லை என்றால் ஒரு கை தண்ணீர் தெளிப்பது நான் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. தெளித்தேன், ஓட்டினேன். ஜாருக்குள் பிண்ணாக்கு உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தெளித்தேன்; இன்னும் கெட்டிப்பட்டது.

தம்பி திரும்பி வந்து மூடியைத் திறந்தான். "தண்ணி விட்டியாக்கா?"

"அரைக்கதுன்னா தண்ணி விடாம? சட்னிக்கு நீ என்னத்த ஊத்துவ, பெட்ரோலா?"

"இது சட்னி இல்லக்கா. ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் போச்சு."

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெருக்கல் வாய்ப்பாடு வராத பிள்ளைகளிடம் நான் காட்டுகிற பொறுமையை அவன் என்னிடம் காட்டினான். அரைக் கிலோவை நாசமாக்கியது நான்தான். வெட்கமாக இருந்தது; அதனாலேயே அவன்மேல் கோபம் இரண்டு மடங்கானது.

இரண்டாவது தடவை என்னைக் கிட்டத்திலேயே விடவில்லை. கால் மணி நேரத்தில் எண்ணெய் விட்டு, கரண்டியிலிருந்து வழிகிற பதத்துக்கு வந்தது. ஒரு சிட்டிகை உப்பு போட்டான். பார்ப்பதற்கு இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் கூடிப்போனதுபோல இருந்தது. அம்மா துப்பிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, ஆசைப்பட்டேன்.

அம்மா நக்கினாள். இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தாள். "எம் புள்ள செஞ்சதுல்லா" என்றாள். உள்ளூர் மாடு விலை போகாது என்பதை அறுபத்திரண்டு வயதில் என் அடுக்களையிலேயே தெரிந்துகொண்டேன். தம்பி அதைப் படம் எடுத்து உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினான். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. இதில் எவரும் ஒரு வேளைக் களி கிண்டிக்கொண்டு வந்தவர்கள் இல்லை.

அவன் கிளம்பிப் போன ஒரு மாதத்தில் பெக்கான் தீர்ந்தது. "அனுப்புதேங்கா" என்று போனில் மூன்று தடவை சொன்னான். போனில் அவனால் ஆகாத காரியம் எதுவும் இல்லை. நான் திருநெல்வேலி டவுனுக்குப் பஸ் ஏறிப்போய் நிலக்கடலை வாங்கிவந்தேன். வறுத்து, தோல் நீக்கி, தண்ணீர் படாமல் அரைத்தேன். முதல் நாலு தடவை சுமார்தான். ஐந்தாவது தடவை அவனுடையதைவிட வழவழப்பாக வந்தது. நானே சொல்லக் கூடாது, ருசியும் கூடத்தான்.

"தம்பி அனுப்பினதா?" என்று அம்மா தினமும் கேட்பாள். ஆமாம் என்பேன். வாய் திறக்கும். அதன்பின்னால் இரண்டு வாய் சோறும் உள்ளே போகும். எடை ஏறியது. டாக்டர் குழாயைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலை தம்பி வீடியோ அழைப்பில் வந்தான். அம்மாவின் கன்னம் தேறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேம்லாக்கா, பெக்கான் வேல செய்யுது பாரு" என்றான். பெக்கான் தீர்ந்து நாலு மாதம். அனுப்பவில்லை என்பதே அவனுக்கு நினைவில்லை. போனை வைத்துவிட்டுக் கரண்டியோடு அம்மா முன்னால் உட்கார்ந்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"எம்மா, இது அவன் அனுப்பினது இல்ல. நம்மூர்க் கடல. நான் அரைச்சது."

அம்மா என்னைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். அது உதட்டில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்பம் அவன் ஒண்ணுமே அனுப்பலயாட்டி?"

அவள் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒரு உண்மையாவது இந்த வீட்டில் இருக்கட்டும் என்று ஒரு விநாடி நினைத்தேன். ஒரு விநாடிதான்.

"அனுப்பினாம்மா, அனுப்பினான். ஒம் மவன் அனுப்பாம இருப்பானா? நான் சும்மா சொன்னேன். வாயத் தொற."

திறந்தாள்.