இடது பட்டன்

1. மஞ்சள் காலர்

தொழிற்சாலையை எங்கள் ஊரில் மலாய்ச் சொல்லால் கிலாங் என்போம். சுங்கை வேயில் நான் வேலை பார்த்த கிலாங்கில் சூப்பர்வைசர் சட்டைக்கு மஞ்சள் காலர், மற்றவர்களுக்கு நீலம். ஆறு வருடம் நீலக் காலரோடு பிரஸ் செக்‌ஷனில் நின்றுவிட்டு, எழுபதுகளின் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை மஞ்சள் காலர் போட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்து முடிவெட்டும் கடைக்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து, "என்னா குணா, பெரிய ஆளாயிட்ட போல" என்றார். அன்றைக்கு நான் பஸ்ஸில் உட்காரவே இல்லை. சட்டை கசங்கிவிடும் என்று நின்றுகொண்டே போனேன்.

பிரஸ் செக்‌ஷனில் எட்டு பவர் பிரஸ்கள், எட்டுப் பெண்கள். காற்றாடி மோட்டாரைத் தாங்கும் தகடுகளை அடித்து எடுப்போம். நாள் முழுக்க டங், டங் என்று ஒரே சத்தம். எண்ணெய் வாசனை சட்டையிலிருந்து துவைத்தாலும் போகாது. ஆனால் அந்த இடத்தை இப்போது நினைத்தால் எனக்கு முதலில் வருவது எண்ணெய் வாசனை அல்ல, கேன்டீனில் பிரிக்கும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தின் வாழையிலை வாசனை. பத்து மணிக்கு டீ பிரேக். எட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். ஒருத்தி கொண்டுவந்த ஊறுகாய் எட்டுப் பொட்டலத்துக்கும் போகும். ரேடியோவில் தமிழ்ப் பாட்டு ஓடும். பாதிப் பாட்டில் மணி அடித்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காதது போல இருப்பேன். பாட்டு முடிந்த பிறகுதான் எழுந்திருப்பார்கள்.

எட்டாம் நம்பர் மெஷினில் சரோஜா. மேரு என்ற ஊரிலிருந்து விடியற்காலை கிளம்பி வருவாள். நான் நீலக் காலரில் இருந்தபோதே சேர்ந்தவள். வந்த முதல் வாரம் பிரஸ் அடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். நான்தான் பக்கத்தில் நின்று பழக்கினேன். மூன்று மாதத்தில் அவள் காது மெஷினோடு பழகிவிட்டது. "அண்ணே, ஏழாம் நம்பர் டை லூசாவுது, சத்தம் வேற மாதிரி இருக்கு பாருங்க" என்பாள். போய்ப் பார்த்தால் தகட்டை வெட்டும் அந்த அச்சு லூசாகத்தான் இருக்கும்.

2. டேப்

அந்த மெஷின்களில் இரண்டு பட்டன்கள் உண்டு. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்க முடியாது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு.

இடது பட்டனை டேப் போட்டு அழுத்தியபடியே ஒட்டிவிட்டால், வலது கை மட்டும் போதும். இடது கை தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். வேலை ஒன்றரை மடங்கு ஓடும். அந்த வட்டாரத்தில் இது எல்லா சூப்பர்வைசர்களுக்கும் தெரிந்த விஷயம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் மஞ்சள் காலர் போட்ட இரண்டாவது மாதம் பெரிய எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்தது. ஃபேக்டரி மேனேஜர் மிஸ்டர் லிம் என்னைக் கூப்பிட்டார். டார்கெட் ஷீட்டைக் காட்டினார். "பாஸ், எட்டு மெஷின்ல இது வராது" என்றேன். அவர் சிரித்தார். "குணா, யூ ஓல்டு ஹேண்ட் லா. எப்படி வரும்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாம்."

அவர் டேப் என்ற சொல்லைச் சொல்லவில்லை. இதைப் பிற்பாடு பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஸ்டோரில் போய் ஒரு சுருள் டேப் வாங்கிவந்து எட்டு மெஷினிலும் ஒட்டியது நான்.

மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரோஜா மட்டும் கேட்டாள். "அண்ணே, கை உள்ள இருக்கும்போது அடிச்சிருச்சுன்னா?"

"ரெண்டு வாரந்தான் லா. பாத்து செய்யி."

3. டீக்குப் பிறகு

பத்தாவது நாள், செவ்வாய்க்கிழமை. டீ பிரேக் முடிந்து அரை மணி ஆகியிருக்கும். நான் மூன்றாம் நம்பர் பக்கம் நின்றேன்.

"அண்ணே" என்று சரோஜா கூப்பிட்டாள். கத்தவில்லை. டை லூசாகிவிட்டது என்று சொல்லக் கூப்பிடும் அதே குரல். திரும்பிப் பார்த்தேன். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். தகடு ஓரத்தில் சிக்கியிருக்கிறது. விரலால் தள்ளியிருக்கிறாள். பழகிப்போன வலது கை தன்பாட்டில் பட்டனை அழுத்திவிட்டது. ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் இரண்டு கணு போய்விட்டது.

துணியால் கட்டி, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் கம்பெனி வேனில் ஏற்றினேன். வேன் கேட்டைத் தாண்டியதும் செக்‌ஷனுக்குத் திரும்பினேன். பெண்கள் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் நேராக எட்டாம் நம்பருக்குப் போய் டேப்பைப் பிய்த்தேன். பிறகு ஏழு, ஆறு, ஐந்து என்று வரிசையாக எல்லா மெஷினிலும் பிய்த்தேன். பிய்த்ததைச் சுருட்டி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஏழு பெண்களும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

4. கையெழுத்து

அன்று மதியம், வேலையாட்கள் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் தர்மலிங்கம் ஐயா கூப்பிட்டனுப்பினார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளைச் சட்டை, திருநீறு, யாரையும் அதட்டிப் பேசாத மனிதர். எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தபோது பழக்கூடையோடு வந்தவர். கெட்டவர் என்று அவரை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது.

"குணா, மெஷின் சரியாய்த்தானே இருந்தது?"

"சரியாத்தான் இருந்துச்சுங்க ஐயா."

"ரெண்டு பட்டனும்?"

என் கை பேன்ட் பாக்கெட்டுக்குப் போயிற்று. அவர் என் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். மெதுவாகச் சொன்னார். "அந்தப் பிள்ளை கெதியாய் வேலை முடிக்க வேணுமெண்டு தானே ஏதும் ஒட்டியிருக்கலாம். அப்பிடி நடக்கிறதுதானே? நீர் பிள்ளைகுட்டிக்காரன். யோசியும்."

டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. பாதுகாப்பு பட்டனை ஆப்பரேட்டர் தன்னிச்சையாக மாற்றியதால் விபத்து என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே சூப்பர்வைசர் என்று போட்டு ஒரு கோடு. என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது மாதம். கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது ஐயா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. அதுதான் இன்றைக்கும் கூசுகிறது.

5. ஆஸ்பத்திரி

வியாழக்கிழமை மைலோ டின்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சரோஜாவின் கை முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படு, படு" என்றேன்.

"வலி இல்லண்ணே. ஊசி போட்டாங்க." வார்டில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனியிலேருந்து கிளார்க் வந்து கேட்டாரு. டேப் யாரு ஒட்டுனதுன்னு. தெரியாதுன்னு சொல்லிட்டேன். நீங்க பயப்படாதீங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

நான் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தேன். அவள் மேல் பழி போட்டு இரண்டு நாளுக்கு முன்பே கையெழுத்துப் போட்டாயிற்று. அவளுக்கு வேலை நீக்கக் கடிதம் டைப் ஆகிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சாப்பிடு" என்று மட்டும் வந்தது. சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். "அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

6. இன்ஸ்பெக்டர்

சனிக்கிழமை காலை அரசாங்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். மெலிந்த மலாய்க்காரர். ஓயாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிஸ்டர் லிம்மும் தர்மலிங்கம் ஐயாவும் கூடவே வந்தார்கள். ரிப்போர்ட்டை நின்றபடி படித்தார். பிறகு எட்டாம் நம்பரின் இடது பட்டனைக் கட்டைவிரலால் தடவினார். விரலைப் பிசைந்து பார்த்தார். டேப்பின் பசை.

நாங்கள் அவ்வளவுதான் என்று நினைத்தோம். ரிப்போர்ட்டில் உள்ளதோடு அது பொருந்திவிட்டது. ஆனால் அவர் ஏழாம் நம்பருக்குப் போனார். தடவினார். ஆறாம் நம்பருக்குப் போனார். எட்டு மெஷினையும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து மலாயில் கேட்டார். "எட்டு மெஷினிலும் பசை இருக்கிறது. எட்டிலும் அந்தப் பெண்ணா ஒட்டினாள்?"

டேப்பைப் பிய்த்த எனக்குப் பசையைத் துடைக்கத் தோன்றவில்லை.

தர்மலிங்கம் ஐயா முந்திக்கொண்டார். இந்தப் பெண்கள் எல்லாருமே இப்படித்தான், சொன்னால் கேட்பதில்லை, ஒவ்வொருத்தருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப் போகிறோம் என்றார். அவருக்கு மலாய் நன்றாக வரும். பெண்களுக்கும் புரிந்தது. ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். டீ பிரேக் மணி அடித்ததும் பாட்டு முடியட்டும் என்று என்னைப் பார்ப்பார்களே, அப்படித்தான் பார்த்தார்கள்.

ஒரு பெண் மேல் போட்ட பொய் இப்போது எட்டுப் பேர் மேல் விழுந்துகொண்டிருந்தது. இதற்கும் நான் நின்றுகொண்டிருந்தால் இனி எதற்கும் நின்றுகொண்டுதான் இருப்பேன் என்று பட்டது.

"சாயா, என்சிக்" என்றேன். மலாயில் நான்தான் ஐயா என்று அர்த்தம். அப்புறம் தமிழில்தான் வந்தது. "நான்தான் ஒட்டுனேன். எட்டும் நான்தான். பிச்சதும் நான்தான். அந்தப் பொண்ணு கேட்டுச்சு, கை உள்ள இருந்தா என்னா ஆவும்னு. நான்தான் செய்யச் சொன்னேன்."

யாரும் மொழிபெயர்க்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அது தேவைப்படவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டார்கெட் போட்டது யார்?" என்று மிஸ்டர் லிம்மைப் பார்த்துக் கேட்டார்.

7. பிறகு

வேலை போகவில்லை. டார்கெட் ஷீட்டும் இன்ஸ்பெக்டர் கைக்குப் போய்விட்டதால் என்னை மட்டும் வெளியே தள்ள அவர்களுக்கு வசதிப்படவில்லை. மஞ்சள் காலர் போயிற்று. ஐந்து வருடம் ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்கினேன். பிரஸ்களில் புது சர்க்யூட் போட்டார்கள். ஒரு பட்டனை ஒட்டிவிட்டால் மெஷின் நின்றுவிடும். தர்மலிங்கம் ஐயா அதற்குப் பிறகு என்னிடம் முன்போலப் பேசியதில்லை. ஒருநாள் காரிடாரில் நின்று, "நான் உமக்கு நல்லதெண்டுதான் சொன்னனான்" என்றார். "தெரியும் ஐயா" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

சரோஜாவுக்கு நீக்கக் கடிதம் போகவில்லை. மூன்று மாதம் கழித்து, அடித்த தகடுகளைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு வந்தாள். அதற்குள் நான் முதலில் போட்ட கையெழுத்தைப் பற்றி யாரோ அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். ஸ்டோருக்கு வந்து கவுன்டரில் நின்றாள். "கை போனதுக்கு நா அழுவலண்ணே. ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தீங்களே, அத நெனச்சாதான்..." என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வருடத்துக்குமேல் என்னோடு பேசவில்லை. கேன்டீனில் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு நான் வேறு பக்கம் போய் உட்காருவேன்.

பேச்சு எப்படித் திரும்ப வந்தது என்று நினைவில்லை. ஏதோ ஸ்டோர் ஃபாரம் விஷயமாக ஒரு கேள்வி, ஒரு பதில். அப்படியே பழையபடி ஆயிற்று. என் பெண் கல்யாணத்துக்குப் பிள்ளைகளோடு வந்தாள். தொண்ணூறுகளில் நான் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் விருந்து வைத்தார்கள். அப்போது இருந்த மேனேஜர் பேசினார். உண்மையைச் சொல்லத் துணிந்த மனிதர் என்று என்னைப் புகழ்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசராக சரோஜாவும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினாள்.

விருந்து முடிந்ததும் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லவா? அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருந்தீங்கன்னா, அந்த இடத்துலயே உங்கள நல்லா திட்டியிருப்பேன். அத்தோட முடிஞ்சிருக்கும். ஒரு வருசம் பேசாம இருந்தோமே, எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

இப்போதும் இளைய சூப்பர்வைசர்கள் என்னிடம் வந்து, சனிக்கிழமை நான் பேசியதைத்தான் கேட்கிறார்கள். எப்படித் தைரியம் வந்தது என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டதையும் வியாழக்கிழமை ஆரஞ்சு உரித்ததையும் கேளுங்கள் என்பேன். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் நாலு நாள் எடுத்துக்கொண்டேன். அந்த நாலு நாளும் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு ஒரு பெண் வார்டில் படுத்திருந்தாள்.